தாய்மாமனுக்கு ஒரு பரோல்

புதிதாக இந்த வேலைக்கு வந்திருக்கும் உங்களுக்கு முதலில் ஒரு செய்தி. நம் பதவியின் பெயரைக் கேட்டு ஒருவரும் பயப்பட மாட்டார்கள். நான் நன்னடத்தை அலுவலர் என்று சொன்னதும், ஸ்ரீவில்லிபுத்தூரில் எனக்கு வீடு வாடகைக்கு விட்ட அம்மா, “அப்ப பள்ளிக்கூடத்துல நீதிபோதனை வகுப்பு எடுக்கீகளா?” என்று கேட்டார். விளக்கினேன். குற்றம் செய்தவரைச் சிறைக்கு அனுப்பாமல் பிணையில் விடலாமா என்று நீதிமன்றம் கேட்டால் விசாரித்து எழுதுவோம். விட்ட பிறகு அவரைக் கவனித்துக்கொள்வோம். சிறையில் இருப்பவர் பரோல் விடுப்பு கேட்டால் அவருடைய ஊருக்குப் போய் விசாரிப்போம் என்றேன். அவர் கொஞ்சம் யோசித்துவிட்டு, “போலீசும் இல்ல, வக்கீலும் இல்ல. அவுக ரெண்டு பேரும் செய்யாத வேலைய நீங்க செய்யுதீக” என்று சொல்லிவிட்டு முன்பணத்தை வாங்கிக்கொண்டார்.

அந்த ‘செய்யாத வேலை’ எது என்று கண்டுபிடிப்பதிலேயே என் பணிக்காலம் போய்விட்டது. சட்டப் பிரிவுகளை உங்களுக்குப் பயிற்சியில் சொல்லிக்கொடுத்திருப்பார்கள். அவற்றை மறுபடியும் சொல்லி உங்களைத் தூங்க வைக்க மாட்டேன். பயிற்சியில் சொல்லாத இரண்டொரு விஷயங்களை மட்டும் சொல்கிறேன்.

எனக்குப் பக்கத்து எல்லையைப் பார்த்துக்கொண்டிருந்தவர் சுறுசுறுப்பான மனிதர். இராஜபாளையத்தில் ஒரு நூற்பாலையில் வேலை செய்துகொண்டிருந்த, அப்படிப் பிணையில் விடப்பட்ட ஒருவரைப் பார்க்க நேராக மில் வாசலுக்கே போய்விட்டார். காவலாளி விவரம் கேட்டார். இவரும் பொய் பேசத் தெரியாமல் உள்ளதை உள்ளபடி சொன்னார். ஷிப்ட் முடிந்து வெளியே வந்தபோது அந்தப் பிணைக்காரருக்கு வேலை இல்லை. ‘நேரில் சந்திக்கப்பட்டார்’ என்று அறிக்கையில் ஒரு வரி சேர்ந்தது, ஒரு வீட்டில் அடுப்பு அணைந்தது. அதனால் யாரைப் பார்க்கப் போகிறீர்கள் என்பதை விட எங்கே வைத்துப் பார்க்கப் போகிறீர்கள் என்பதை முதலில் யோசியுங்கள். டீக்கடை, பேருந்து நிலையம், கோயில் வாசல் என்று நாலு பேர் நாலு காரியத்துக்காக நிற்கும் இடமாகப் பாருங்கள்.

இன்னொன்று, எனக்கு வேலை பழக்கிய மூத்த அலுவலரின் வழக்கம். பரோல் கேட்டவரின் வீட்டுக்குப் போனால், அவரால் செத்துப்போனவரின் வீட்டுக்கும் போகாமல் ஊரை விட்டுத் திரும்ப மாட்டார். சிலர் திட்டுவார்கள், சிலர் கதவைச் சாத்துவார்கள். கதவைச் சாத்தினாலும் அதுவும் ஒரு பதில்தான் என்பார். அதை நானும் பிடித்துக்கொண்டேன். அந்த வழக்கம் ஒரு பையனைக் காப்பாற்றிய கதையைத்தான் உங்களுக்குச் சொல்ல உட்கார்ந்தேன். பெயர்களை மாற்றியிருக்கிறேன், மற்றபடி நடந்தது நடந்தபடி.

தேவதானத்துக்குப் பக்கத்தில் ஒரு சின்ன ஊர். மாடசாமி அந்த ஊர்க்காரர். கண்மாய் மடைத் தண்ணீரை யார் முதலில் திருப்புவது என்ற சண்டையில் தன் சித்தப்பா மகனை மண்வெட்டியால் அடித்துவிட்டார். அடிபட்டவர் ஆஸ்பத்திரி போய்ச் சேரவில்லை. மாடசாமிக்கு ஆயுள் தண்டனை. இருவரும் ஒரே தெருவில் பிறந்து, ஒரே கண்மாயில் நீச்சல் பழகியவர்கள். அண்ணன் தம்பி என்றுதான் ஊரே சொல்லும்.

தண்டனையில் பல வருடங்கள் கழிந்த பிறகு மாடசாமி விடுப்பு கேட்டு மனுப் போட்டார். தங்கை செல்வியின் குழந்தைக்குக் காது குத்து. செல்வியை வத்திராயிருப்பில் கட்டிக் கொடுத்திருந்தது. பேச்சில் வத்ராப் என்போம். பல வருடம் குழந்தை இல்லாமல் இருந்து பிறந்த பெண் குழந்தை. காது குத்துவது மலையடிவாரக் காட்டுக்குள் ஆற்றோரம் இருக்கும் அய்யனார் கோவிலில். தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் காது குத்த வேண்டும் என்பது உங்களுக்கே தெரியும். அந்த மடி சிறையில் இருந்தது.

எனக்கு விசாரணை உத்தரவு வந்தபோது விசேஷத்துக்கு நாள் நெருங்கிவிட்டது. எப்போதும் அப்படித்தான் வரும். மூன்று தாலுகாவுக்கு நான் ஒருத்தி, அலுவலக வண்டி கிடையாது, என் சொந்த ஸ்கூட்டர்தான். காவல்துறையும் விசாரிக்கும், நாமும் விசாரிப்போம், இரண்டு பேரும் அதே கிராம நிர்வாக அலுவலரிடம் அதே கேள்வியைக் கேட்போம். அவரும் அலுத்துப்போய் அதே பதிலைச் சொல்வார். அந்த முறையும் சொன்னார்: “ஆட்சேபணை ஏதும் இல்ல மேடம். பழைய கதை. எல்லாரும் மறந்துட்டாங்க.”

ஊரில் ‘எல்லாரும் மறந்துட்டாங்க’ என்று யாராவது சொன்னால் உடனே அங்கிருந்து கிளம்பி, மறக்காத ஆள் எந்த வீட்டில் இருக்கிறார் என்று தேடுங்கள்.

அந்த வீடு பேருந்து நிறுத்தத்துக்கு எதிரிலேயே இருந்தது. செத்துப்போனவரின் மனைவி ராமலட்சுமி ஆட்டுக்குத் தழை கட்டிக்கொண்டிருந்தார். நான் யார் என்று சொன்னதும் தழையைக் கீழே வைக்கவில்லை, உள்ளே வா என்றும் சொல்லவில்லை.

“வரட்டும். எனக்கென்ன” என்றார்.

“உங்களுக்குப் பயம் ஏதாவது...”

“அவனைக் கண்டா? அவன் என்னைய என்ன செய்வான், செய்ய வேண்டியதச் செஞ்சுட்டான்லா.” தழைக் கட்டை இறுக்கி முடிச்சுப் போட்டார். “எம்பயல நெனச்சாத்தான் பயமா இருக்கு.”

மகன் காளிராஜ். அப்பா செத்தபோது சிறு பிள்ளை. இப்போது இராஜபாளையத்தில் மில் வேலை. குடி கிடையாது, வம்பு கிடையாது.

“தங்கமான பய மேடம். ஆனா மாடசாமி வாரான்னு தெரிஞ்சதுலேருந்து ஊருல ஒவ்வொருத்தனும் எம்பய மொகத்தயே பாக்கானுவ. இவன் என்ன செய்யப் போறான், இவன் என்ன செய்யப் போறான்னு. தாய்மாமன் சீரு இந்தத் தெரு வழியாத்தான போவும்? கொட்டு மேளத்தோட போவும். அன்னைக்கு எம்பய ஒண்ணும் செய்யலைன்னா ஆம்பளையான்னு கேப்பானுவ. செஞ்சா... அவனுக்கும் பரோலு கேட்டு நான் ஒங்ககிட்ட வரணும்.”

நான் அதுவரை மாடசாமியால் ஆபத்து உண்டா என்றுதான் ஊரெல்லாம் கேட்டுக்கொண்டு வந்தேன். படிவத்தில் கேள்வி அப்படித்தான் இருந்தது. ஆபத்து செத்துப்போனவரின் வீட்டில், ஒரு குற்றமும் செய்யாத ஒரு பையனுக்கு இருந்தது. அதை எழுத ஓர் இடம் அந்தப் படிவத்தில் இல்லை.

கிளம்பும்போது ராமலட்சுமி ஒன்று சொன்னார். “செல்வி என்னைய மதினி மதினின்னு சுத்தி வந்தவ. எம்புருசனும் அந்தப் பிள்ளைக்குத் தாய்மாமந்தான் மேடம். அத யாரும் நெனக்கல.”  என் தொலைபேசி எண்ணை மட்டும் கொடுத்துவிட்டு வந்தேன்.

மறுநாள் காளிராஜை இராஜபாளையம் பேருந்து நிலைய டீக்கடையில் பார்த்தேன். மில் வாசலுக்குப் போகவில்லை, காரணம் ஏற்கெனவே சொல்லிவிட்டேன். வெட்கப்படுகிற மாதிரியான பையன். டீயை ஆற்றிக்கொண்டே இருந்தான், குடிக்கவில்லை.

“எனக்குச் சண்டை வேணாம் மேடம். நானா அவரத் தேடிப் போவ மாட்டேன். ஆனா எங்கண்ணு முன்னால மாலை போட்டுக் கூட்டிட்டு வந்தா, நான் என்ன செய்வேன்னு எனக்கே தெரியாது. வேற எங்கயும் வந்துட்டுப் போகட்டும். எங்க தெருவுல வேணாம்.”

இப்போது என் முன்னால் இருந்த வழிகள் இரண்டு. ‘பரிந்துரைக்கப்படவில்லை’ என்று எழுதினால் என் தலைக்கு ஒன்றும் வராது. எங்கள் வேலையில் மறுத்தவர்களை யாரும் விளக்கம் கேட்டதில்லை, அனுப்பியவர்களைத்தான் கேட்பார்கள். ஆனால் பல வருடம் ஒழுங்காக இருந்த ஒருவருக்கு மறுத்தால், ஒழுங்காக இருந்து என்ன பயன் என்று அவர் மட்டுமல்ல, அவரோடு இருக்கும் அத்தனை பேரும் கேட்பார்கள். ‘பரிந்துரைக்கப்படுகிறது’ என்று எழுதினால் காளிராஜின் கதி என்ன?

நான் மூன்றாவதாக ஒன்று எழுதினேன். விடுப்பு கொடுக்கலாம். தங்குவது சொந்த ஊரில் அல்ல, வத்திராயிருப்பில் தங்கை வீட்டில். கையெழுத்துப் போடுவது அந்த ஊர்க் காவல் நிலையத்தில். சொந்த ஊருக்குள் கால் வைக்கக் கூடாது. சீர் ஊர்வலம் ஊரிலிருந்து கிளம்பக் கூடாது. பிளக்ஸ் பேனர் எங்கேயும் கூடாது.

மேலிடத்திலிருந்து போன் வந்தது. “உண்டா இல்லையான்னு ஒரு வரியில எழுதுங்க மேடம். இதென்ன கல்யாண மண்டப கண்டிஷன் மாதிரி?”

“ஒரு வரியில அடங்குற ஊரு இல்ல சார் அது” என்றேன். கொஞ்சம் சத்தமாகவே சொன்னேன். நல்லவேளையாக மறுமுனையில் இருந்தவர் கோபக்காரர் அல்ல. நிபந்தனைகளோடு விடுப்பு கிடைத்தது.

செல்வியின் கணவர்தான் குதித்தார். “தாய்மாமன் படம் போடாம ஒரு காதுகுத்தா? எங்க சொந்தக்காரவுக என்ன நெனப்பாக?” இந்தப் பக்கத்து பிளக்ஸ் மோகம் உங்களுக்குத் தெரிந்ததுதான். காது குத்தும் குழந்தையின் படம் மூலையில் இருக்கும். தாய்மாமன் கூலிங் கிளாஸ் போட்டு, பின்னால் சிங்கம் நிற்க, பேனர் முழுக்க நிறைந்திருப்பார். கடைசியில் முணுமுணுத்துக்கொண்டே சரி என்றார்.

விசேஷத்தன்று நான் அய்யனார் கோவிலுக்குப் போனேன். விருந்துக்கு அல்ல, நிபந்தனை எப்படி நடக்கிறது என்று பார்க்க. மாடசாமி புது வேட்டி கட்டி உட்கார்ந்திருந்தார். குழந்தையை நீட்டியபோது கையை உடனே நீட்டவில்லை. “பிடிக்கட்டுமா?” என்று தங்கையைக் கேட்டார். ஆசாரி காது குத்தியதும் குழந்தை வீறிட்டு அழுது, தாய்மாமன் மடியை நனைத்தும் விட்டது. யாரோ மாற்று வேட்டி எடுக்க ஓடினார்கள். “வேணாம், இருக்கட்டும்” என்றார். அவர் கண்ணும் நனைந்திருந்தது. அழுது களைத்த குழந்தை அவர் மடியிலேயே தூங்கிப்போனது.

பந்தி போடும் நேரத்தில் நான் நழுவி, போன் சிக்னல் கிடைக்கும் வனத்துறைச் சோதனைச் சாவடி வரைக்கும் வந்தேன். வந்து நின்றதும் போன் அடித்தது. ராமலட்சுமி.

“மேடம், எங்க வீட்டுக்கு எதுத்தாப்புல, பஸ் ஸ்டாப்புல பிளக்ஸ் வச்சுட்டானுவ. அம்புட்டுப் பெருசு. அவன் மீசைய முறுக்கிட்டு நிக்கான். பய ஷிப்டு முடிஞ்சு அங்கனதான் வந்து எறங்குவான்.”

இனி நான் சொல்லப்போவதைக் கவனமாகக் கேளுங்கள். அந்த இடத்தில் நின்று யாரிடம் சொல்வது என்று யோசித்தேன். காவல்துறைக்குச் சொன்னால் ஜீப் வரும், ஜீப்பைப் பார்த்துக் கூட்டம் கூடும், அந்தக் கூட்டத்தின் நடுவில் காளிராஜ் வந்து இறங்குவான். செல்வியின் கணவரிடம் சொன்னால், நம்ம பசங்க பாசத்துல வச்சிருக்கானுவ என்பார். மாடசாமியிடம் சொன்னால் எழுந்து தானே கழற்றக் கிளம்புவார். நல்ல எண்ணத்தில்தான் போவார், போய்ச் சேரும் இடம் காளிராஜ் முன்னால். போர்டைக் கழற்றுவது பெரிய வேலை இல்லை. யார் கழற்றுகிறார்கள் என்பதில்தான் எல்லாம் இருந்தது.

திரும்பப் போய் செல்வியை ஆற்றோரம் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னேன். பட்டுச் சேலையும் பூவுமாக நின்ற பெண்ணுக்கு முகம் சிவந்துவிட்டது.

“எங்கண்ணன் என்ன களவாணியா? ஒரு படம் போட்டா என்ன கெட்டுப்போச்சு? நல்ல நாளும் அதுவுமா இதயா சொல்ல வந்தீக?”

அப்போதுதான் ராமலட்சுமி சொன்னதைச் சொன்னேன். “செத்துப்போனவரும் உங்க பிள்ளைக்குத் தாய்மாமன்தானாம். அதை யாரும் நினைக்கலைன்னு சொன்னாங்க.”

 செல்வி தண்ணீரையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு மூக்கை உறிஞ்சிக்கொண்டு நேரே அண்ணனிடம் போனார்.

“அண்ணே, செத்த நேரத்துல வாரேன். பிள்ள தூங்குது, எந்திரிக்காத.”

“எங்க போற?”

“எந்திரிக்காதன்னேன்.”

மடியில் குழந்தை தூங்கும்போது எந்தத் தாய்மாமன் எழுந்திருப்பார்? செல்வி வந்து என் ஸ்கூட்டரில் ஏறிக்கொண்டார். 

பேருந்து நிறுத்தத்தில் பிளக்ஸ் நான் நினைத்ததை விடப் பெரிதாக இருந்தது. மாடசாமியின் பழைய படத்தில் மீசையைக் கொஞ்சம் கூடுதலாக வரைந்திருந்தார்கள். கீழே நாலைந்து இளவட்டங்கள் உட்கார்ந்திருந்தார்கள்.

“ஏலே, கட்டின கையாலயே அவுத்துருங்கலே” என்றார் செல்வி.

“என்னக்கா, அண்ணனுக்குப் பெருமைன்னுதான வச்சோம்” என்று ஒருவன் சிரித்தான். ஒருவனும் எழுந்திருக்கவில்லை.

செல்வி சேலையை இடுப்பில் செருகிக்கொண்டு பக்கத்துத் திண்டில் ஏறினார். கட்டுக்கம்பியை வெறுங்கையால் முறுக்கி அவிழ்த்தார். உள்ளங்கை கிழிந்து ரத்தம் வந்தது. ஒரு பக்கம் தொங்கியது. மறுபக்கம் நைலான் கயிறு, முடிச்சு இறுகிக் கிடந்தது. அப்போது எதிர்வீட்டிலிருந்து ராமலட்சுமி வந்தார். கையில் தழை அறுக்கும் பன்னருவாள். சிரித்துக்கொண்டிருந்த பையன்கள் சட்டென்று எழுந்து விலகினார்கள். நானும் ஒரு எட்டு பின்னால் வைத்தேன். செல்வி மட்டும் அப்படியே நின்றார்.

ராமலட்சுமி யாரையும் பார்க்காமல் போய் அந்தக் கயிற்றை அறுத்தார். பிளக்ஸ் சரிந்து இரண்டு பேருக்கும் நடுவில் விழுந்தது.

“மதினி, ஒங்க வீட்டுக்கு வந்து ஒரு வார்த்தை சொல்லீருக்கணும்” என்றார் செல்வி.

“சொல்லீருந்தாலும் வந்திருக்க மாட்டேன்” என்றார் ராமலட்சுமி. “ஆனா நீ வந்து சொல்லீருக்கணும்.”

பேருந்து வந்து நின்றது. காளிராஜ் டிபன் பையோடு இறங்கினான். அவன் அம்மா சொன்னது சரிதான்: அங்கே இருந்த அத்தனை பேரும் அவன் முகத்தைத்தான் பார்த்தார்கள். டிரைவரும் வண்டியை எடுக்காமல் பார்த்தார். அவன் தரையில் கிடந்த படத்தைப் பார்த்தான், அம்மா கையிலிருந்த அருவாளைப் பார்த்தான், செல்வி கையிலிருந்த ரத்தத்தைப் பார்த்தான்.

“மருமகனே, அந்த ஓரத்தப் பிடி” என்றார் செல்வி. “மடிக்கணும். காத்துல பறக்கு.”

 அவன் பையைக் கீழே வைத்துவிட்டு ஓரத்தைப் பிடித்தான். மூன்று பேருமாக மடித்தார்கள். டிரைவர் வண்டியை எடுத்தார். அன்று அந்த ஊரில் அவ்வளவுதான் நடந்தது. மாடசாமி விடுப்பு முடிந்து ஒழுங்காகச் சிறைக்குத் திரும்பினார்.

இதில் என் சாமர்த்தியம் என்று எதையும் நினைத்துவிடாதீர்கள். ராமலட்சுமியிடம் என் எண் இல்லாமல் போயிருந்தாலோ, நான் சிக்னல் இல்லாத இடத்திலேயே உட்கார்ந்து சாப்பிட்டிருந்தாலோ கதை வேறு. ஒரு பையனின் வாழ்க்கை இப்படி அதிர்ஷ்டத்தை நம்பி இருக்கக் கூடாது என்பதுதான் எனக்கு இன்றும் கோபம். எனக்கு மட்டும் அதிகாரம் இருந்தால், பாதிக்கப்பட்ட வீட்டுக்குப் போவதை அலுவலரின் நல்ல மனசுக்கு விடாமல் விதியாகவே வைப்பேன். வேண்டும், வேண்டாம் என்ற இரண்டு வார்த்தைகளோடு, எங்கே தங்கலாம், எந்தத் தெரு கூடாது என்று எழுதவும் அறிக்கையில் இடம் வைப்பேன். உத்தரவை நாள் நெருங்கிய பிறகு அனுப்புகிறவரை எங்களோடு ஒரு நாள் வெயிலில் ஸ்கூட்டரில் சுற்றச் சொல்வேன். மூன்று தாலுகாவுக்கு ஒருவர் என்பது கண்காணிப்பு ஆகாது, வேடிக்கை பார்ப்பதுதான் ஆகும். நீங்கள் சங்கத்தில் பேசும்போது வண்டி கேளுங்கள், ஆள் கேளுங்கள், வெட்கப்படாதீர்கள். கூடவே, விடுப்பு முடிந்த பிறகும் அந்த இரண்டு வீடுகளுக்கும் ஒரு தடவை போய்வர நேரமும் கேளுங்கள். இப்போதைய முறையில் ஆள் சிறைக்குத் திரும்பிய அன்றே நம் கோப்பும் மூடிவிடுகிறது.

அந்த வீட்டுக்கு நான் மறுபடியும் போனேன். மாடசாமியின் அடுத்த விடுப்பு மனு விசாரணைக்கு வந்தபோது நல்ல மழைக்காலம். ராமலட்சுமி இந்த முறை உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்தார். தண்ணீர் கொடுத்தார். கொல்லையில் ஆட்டுக்கொட்டகை மேல் வெள்ளையாக ஏதோ விரித்துக் கட்டியிருந்தது. உற்றுப் பார்த்தேன். அதே பிளக்ஸ். வெள்ளைப் பக்கம் வானத்துக்கு, படம் உள்பக்கம்.

நான் பார்ப்பதை அவர் பார்த்துவிட்டார்.

“நல்ல கனமான துணி மேடம், ஒழுகல” என்றார். “மூஞ்சி உள்ள பாத்தாப்புலதான் கட்டியிருக்கேன். எங்களப் பாக்க வேணாம். ஆட்டப் பாத்துக்கிட்டுக் கெடக்கட்டும்.”

நான் பேனாவை எடுத்தேன்.

“இந்த வாட்டியும் வத்ராப்புலதான தங்குவான்?” என்று கேட்டார்.

“ஆமாம்மா.”

“அப்ப வரட்டும். எழுதிக்கோங்க.”